நகராத சைக்கிளின் சத்தம்

கீழ்வீட்டுப் பையன் கேட்ட ஒரு கேள்வியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. அரையாண்டு விடுமுறையில் ஒருநாள் படிக்கட்டில் எதிர்ப்பட்டவன், "தாத்தா, உங்க வீட்டுல மாவு மில்லு இருக்குதுங்களா?" என்றான். இல்லையே சாமி என்றேன். "அப்புறம் தினமும் என்னத்தத்தான் அரைக்கிறீங்க?" என்றான். பத்து வயதுக்கு மேல் இராது. குரலில் கிண்டல் இல்லை; தெரிந்துகொள்ளும் ஆசைதான். நான் சிரித்துவிட்டுப் படியேறி வந்துவிட்டேன். சிரிப்பு எவ்வளவு சௌகரியமான பதில் என்பது பிற்பாடுதான் உறைத்தது.

நான் அரைப்பது எதுவுமில்லை. இருதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்துக்கொண்ட, ஓய்வு பெற்ற ஆள். தினமும் முக்கால் மணி நேரமாவது உடம்பு வேர்க்க வேண்டும் என்பது வைத்தியர் உத்தரவு. கோயம்புத்தூரில், அதுவும் பீளமேட்டுப் பக்கத்தில், அறுபதைத் தாண்டியவன் அவிநாசி சாலையில் சைக்கிள் ஓட்டுவது இருதயத்துக்கு நல்லதாக இருக்கலாம். மற்ற உறுப்புகளுக்கு உத்தரவாதமில்லை. ஆகவே வீட்டுக்குள் ஓட்டும் ஏற்பாட்டைச் செய்துகொண்டேன். 2020இல் ஊரடங்கின்போது வாங்கி, அது முடிந்ததும் துணி காயப்போடப் பயன்படுத்திக்கொண்டிருந்த ஓர் இளைஞர், பெங்களூருக்குக் குடிபோகும்போது சைக்கிளோடு சேர்த்துப் பாதி விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

டிரெய்னர் என்கிறார்கள். பார்த்திராதவர்களுக்கு: பின்சக்கரத்தைத் தரையில் படாமல் தூக்கிப் பிடிக்கும் ஓர் இரும்புத் தாங்கி, டயரை அழுத்திக்கொண்டிருக்கும் ஓர் உருளை, உருளையின் அச்சில் கனத்த ஒரு சுழல்சக்கரம், ஓர் உலோகத் தட்டு, அதையொட்டிக் காந்தங்கள். மிதித்தால் சக்கரம் சுற்றும், உருளை சுற்றும், காந்தம் எதிர்க்கும், வியர்வை வரும். சைக்கிள் மட்டும் போகாது. இதில் வேடிக்கை என்னவென்றால், எதிர்ப்பைத் தரும் காந்தம் துளியும் சத்தம் போடுவதில்லை; அது தட்டைத் தொடுவதேயில்லை, தட்டில் உண்டாகும் சுழல்மின்னோட்டமே அசைவைப் பிடித்து இழுக்கிறது. சத்தமெல்லாம் டயரும் உருளையும் உரசுகிற அந்த ஓரங்குல இடத்தில் பிறக்கிறது. பல் வைத்த டயராக இருந்தால் ஒவ்வொரு பல்லும் உருளையை அறைந்துவிட்டுப் போகும். எனக்கு வந்தது அப்படிப்பட்ட டயர்தான். காந்தத்துக்குப் பதில் விசிறியைச் சுழற்றிக் காற்றையே எதிர்ப்பாக்கிக்கொள்ளும் வகை இன்னும் மோசம்; வேகம் இரு மடங்கானால் காற்றைத் தள்ளத் தேவையான திறன் எட்டு மடங்காகிறது, இரைச்சலும் சளைக்காமல் கூடவே ஏறுகிறது.

சாலையில் சைக்கிளைப் போலச் சத்தமில்லாத வாகனம் வேறில்லை. மணியடித்தால்தான் அது இருப்பதே தெரியும். அதே சைக்கிளை வீட்டுக்குள் நிறுத்தி மிதித்தால் ஒரு சிறு ஆலையாகிவிடுகிறது. ஏன் இப்படி என்று யோசித்தேன். உரசல் அங்கேயும் இருக்கிறது. ஆனால் சாலையில் நான் போடுகிற சத்தத்தை நான் விட்டுவிட்டுப் போகிறேன். ஒரு வீட்டு வாசலுக்கு அரை விநாடி, அடுத்த வாசலுக்கு அரை விநாடி என்று ஊர் முழுக்கப் பங்கிட்டாகிவிடுகிறது. ஒருவர் பங்குக்கு வருவதைச் சத்தம் என்றே சொல்ல முடியாது. நகராத சைக்கிளில் பங்கீடு இல்லை. முக்கால் மணி நேரத்தின் மொத்தமும் ஒரே கூரையின் வழியாக ஒரே ஆள்மீது இறங்குகிறது. இடப்பெயர்ச்சி என்பதை நான் இதுவரை என் தரப்பிலிருந்தே பார்த்து வந்திருக்கிறேன் — நான் ஓரிடத்துக்குப் போய்ச் சேர்வது என்று. மற்றவர்கள் தரப்பிலிருந்து பார்த்தால் அது நான் அவர்களை விட்டு அகல்வது.

எந்நேரம் மிதிப்பது என்பதை ரொம்பவும் யோசித்துத்தான் முடிவு செய்தேன். அதிகாலை வேண்டாம், மற்றவர்கள் தூக்கம் கெடும். மாலை வேண்டாம், பிள்ளைகள் படிக்கும் நேரம். காலை ஒன்பதரை. பதினாறு வீடுகளிலும் வேலைக்குப் போகிறவர்கள் போயிருப்பார்கள், பள்ளிக்கூடம் போகிறவர்கள் போயிருப்பார்கள், கட்டிடமே காலி. இவ்வளவு பொறுப்பாக ஒருவன் நேரம் தேர்ந்தெடுக்க முடியுமா என்று என்னை நானே பாராட்டிக்கொண்டதும் ஞாபகமிருக்கிறது.

அளந்தும் பார்த்தேன். கைபேசியில் இப்போது டெசிபெல் காட்டும் செயலிகள் கிடைக்கின்றன. பல் டயரோடு என் அறையில் 74. வழவழப்பான டயர் மாற்றியபின் 66. எட்டுக் குறைந்ததுதானே என்று நினைத்துவிடக் கூடாது. டெசிபெல் மடங்குக் கணக்கு; பத்து குறைந்தால் சத்தத்தின் ஆற்றல் பத்தில் ஒன்றாகிறது, காதுக்கு ஏறத்தாழ பாதியாகக் கேட்கிறது. தலைக்கு மேல் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துக்கொண்டு, காதில் கருவியைச் செருகிப் பாட்டுக் கேட்டுக்கொண்டே மிதிக்கிற எனக்கு அது ஒரு விஷயமாகவே இல்லை. (என் சத்தம் என்னைத் தொந்தரவு செய்யாமலிருக்க நான் காதை அடைத்துக்கொண்டேன் என்ற எளிய உண்மை, எழுதும்போதுதான் கண்ணில் படுகிறது.) சட்டத்தையும் பார்த்தேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 என்கின்றன. பகல் என்பது காலை 6 மணியிலிருந்து இரவு 10 மணி வரை. நான் பகலில் இருந்தேன். நடுப்பகலில் இருந்தேன்.

பையன் கேட்டதை மனைவியிடம் வேடிக்கையாகச் சொன்னேன். "அந்தப் பொண்ணு ராத்திரி டூட்டி பார்த்துட்டு வந்து பகல்லதான் தூங்குது, உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது. நான் இந்தக் கட்டிடத்து அசோசியேஷன் செயலாளர். இரவு 10 மணிக்குமேல் கிரைண்டர் போடக் கூடாது என்று கீழே அறிவிப்பு ஒட்டியவன். கீழ்வீட்டில் வாடகைக்கு இருப்பவர் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்பதும், கணவர் வெளிநாட்டில் என்பதும், மாதாமாதம் ஐந்தாம் தேதிக்குள் பராமரிப்புக் கட்டணம் வந்துவிடும் என்பதும் தெரியும். அவர் எப்போது தூங்குகிறார் என்பது பதிவேட்டில் இல்லாத விஷயம். இரவு எட்டு மணிக்குப் போய்ச் சேர்ந்து காலை எட்டு மணிக்கு விடுபட்டு, வந்து பையனைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுப் படுக்கும்போது ஒன்பதேகால் ஆகும். ஒன்பதரைக்கு நான் மிதிக்க ஆரம்பிப்பேன். ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை.

போய்ப் பார்த்தேன். "அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லீங் சார், சின்னப் பையன், வாய்க்கு வந்தத உளறியிருப்பான்" என்றார். நம்ப எனக்கும் ஆசைதான். ஆனாலும் என் நேர்மையை நிரூபித்துக்கொள்ளும் ஆவலில், ஏன் அம்மிணி, உங்க படுக்கை ரூம்ல ஒரு தடவை அளந்து பார்த்துடலாமே என்றேன். மேலே என் மருமகனை மிதிக்கச் சொல்லிவிட்டுக் கைபேசியோடு அந்த அறையில் நின்றேன். 38 காட்டியது. 38! தெருவுக்கான பகல் அளவைவிடப் பதினேழு குறைவு. கைபேசியை அவர் பக்கம் திருப்பிக் காட்டக்கூடச் செய்தேன். அவர் தலையாட்டினார். அப்போதுதான் கட்டிலைப் பார்த்தேன். கட்டிலில் மெத்தை இல்லை. இஸ்திரி போட்ட பள்ளிச் சீருடைகளும் மடித்த துணிகளும் அடுக்கியிருந்தன. திரும்பி வரும்போது சமையலறையில், குளிர்சாதனப் பெட்டிக்கும் சிலிண்டருக்கும் நடுவே, மெத்தை சுருட்டி நிறுத்தியிருந்தது. அங்கே அவ்வளவா கேக்காதுங் சார் என்றார், நான் கேட்காமலேயே. மன்னிப்புக் கேட்கும் குரலில்.

38 என்பது யாரும் தூங்காத ஓர் அறையின் அளவு.

இந்தச் சங்கடத்தை வைத்துக்கொண்டு, பழக்க தோஷத்தால், புத்தகங்களிடம் போனேன். சத்தம் பற்றித் தத்துவவாதிகள் சொல்லியிருப்பவற்றில் பெரும்பகுதி புகார். கான்ட் ஒரு சேவல் கூவுவதைப் பொறுக்க முடியாமல் வீடு மாறியதாக அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். 1784இல், கோனிக்ஸ்பெர்க்கில், சிறைக்கைதிகள் உரக்கப் பாடும் பக்திப் பாட்டு தன் சிந்தனையைக் கெடுக்கிறது என்று நகர நிர்வாகத்தின் தலைமையிலிருந்த நண்பருக்குக் கடிதம் எழுதினார். ஷோபன்ஹவர் 1851இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியில், வண்டிக்காரர்களின் சாட்டைச் சொடுக்கை வைதே ஒரு கட்டுரையை நிரப்பியிருக்கிறார். புரூஸ்ட் 1910இல் படுக்கையறைச் சுவர்களுக்குத் தக்கை அடித்துக்கொண்டார். எல்லோரும் கீழ்வீட்டுக்காரர்கள். மேல்வீட்டிலிருந்து எழுதியவர் யாரையும் நான் காணவில்லை. சத்தம் போடுபவன் தத்துவம் எழுதுவதில்லை போலும், அவனுக்குத்தான் கேட்பதில்லையே.

விதிவிலக்காகச் சொல்லத் தக்க ஒன்று கான்டிடமே இருக்கிறது. 1790இல் வந்த தன் மூன்றாவது விமர்சன நூலில், சங்கீதத்துக்கு நாகரிகம் போதாது என்கிறார். அது அழையாமலே அண்டை வீட்டுக்குள் போய்விடுகிறது, வாசனை தடவிய கைக்குட்டையைச் சபையில் எடுத்து உதறுவதைப் போல. கண்ணுக்குப் பிடிக்காவிட்டால் திருப்பிக்கொள்ளலாம். காதுக்கு அந்த வழியில்லை. இது புகாரின் தளத்திலிருந்து ஓரடி மேலே. ஆனால் தன் புகழ்பெற்ற விதியை — உன் செயலின் கொள்கை எல்லோருக்கும் பொது விதியாகலாம் என்று நீ விரும்ப முடியுமா என்பதை — அவர் இதற்குப் பொருத்திப் பார்த்ததாகத் தெரியவில்லை. நான் பொருத்திப் பார்த்தேன். பதினாறு வீட்டிலும் பதினாறு டிரெய்னர்கள், ஒவ்வொன்றும் அந்த அறைக்கு 38 அளவில் வந்து சேர்வதாக வைத்துக்கொள்வோம். சமமான இரண்டு சத்தங்கள் சேர்ந்தால் 3 கூடும். பதினாறு சேர்ந்தால் 12. ஆக 50. அப்போதும் 55க்குக் கீழேதான்! பொது விதியாக்கினாலும் நான் குற்றமற்றவன். ஒரு தார்மீகச் சோதனையில் இத்தனை சுலபமாகத் தேறுகிறபோது, சோதனையை அல்ல, சோதிக்கிறவனைச் சந்தேகிக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

எண்களையே கொஞ்சம் சந்தேகித்தேன். விதியிலுள்ள 55 வெளிப்புறச் சூழலுக்கானது, படுக்கையறைக்கானது அல்ல. தூங்கும் அறைக்கு 30 என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லியிருக்கிறது. இன்னொன்று, டெசிபெல் கருவி எல்லா ஓசைகளையும் ஒரே தராசில் வைப்பதில்லை. 'ஏ' நிறையிடல் என்று ஒரு முறை. மெல்லிய ஒலிகளைக் கேட்கையில் மனிதக் காது தாழ்ந்த சுருதிகளை எவ்வளவு குறைத்து உணர்கிறது என்று 1930களில் கண்டதை அடியொற்றியது. அதன்படி விநாடிக்கு 100 அதிர்வுள்ள ஒலிக்கு 19 டெசிபெல்லும், 50 அதிர்வுள்ளதற்கு 30 டெசிபெல்லும் தள்ளுபடி செய்யப்படும். கூரைத் தளத்தின் வழியே இறங்குவது பெரும்பாலும் அந்தத் தாழ்ந்த உறுமல்தான். மேல் சுருதிகளைக் காங்கிரீட் தடுத்துவிடுகிறது. போதாததற்குக் கைபேசி ஒலிவாங்கி தாழ்ந்த சுருதிகளைச் சரியாகப் பிடிப்பதுமில்லை. என் கருவி கேட்க மறுத்ததைத்தான் அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் அளவு தவறு, சரியான அளவு கிடைத்தால் நியாயம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நான் ஏன் அளந்தேன் என்பதுதான் இங்கே கேள்வி. தெரிந்துகொள்வதற்காக அளக்கவில்லை. தெரிந்துகொள்ள வேண்டுமானால் கேட்டிருக்கலாம். பதினெட்டுப் படி இறங்கினால் போதும். ஒரு மனிதரிடம் கேட்பதற்குப் பதிலாக அளந்தேன். எண் என்பது பதில் சொல்லும், எதிர்க்கேள்வி கேட்காது. முகம் இல்லாதது, ஆகவே முகம் வாடாது. என் சத்தத்தை என்னால் ஒருபோதும் கேட்க முடியாது என்பது இதில் அடிப்படையான விஷயம் என்று படுகிறது. என் அறையில் நான் கேட்பது வேறு, கீழே போய்ச் சேர்வது வேறு. என் குரலை நானே பதிவில் கேட்டால் அந்நியமாக இருக்கிறதே, அதைப் போல. அதைவிட மோசம், ஏனென்றால் இதற்குப் பதிவும் இல்லை. என் செயலின் ஒரு பாதி முழுக்கவும் இன்னொருவரின் அனுபவத்தில்தான் இருக்கிறது. அவர் சொன்னாலொழிய எனக்கு அது கிடைக்காது. அவரோ சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? வாடகைக்கு இருப்பவர், நான் செயலாளர். தனியாக இருக்கும் பெண். நான் வயசாளி, நெஞ்சு நோயாளி. கட்டிடத்தில் எல்லோருக்கும் என் இருதயத்தைப் பற்றித் தெரியும்; நானே சொல்லியிருக்கிறேன். என் சத்தத்துக்கு என் நோயையே கவசமாக்கியிருந்தேன் என்பதை நான் அறிந்து செய்யவில்லை. ஆனால் கவசம் கவசம்தான். ஐந்து மாதம் யாரும் புகார் சொல்லவில்லை என்பதை ஐந்து மாத சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் உண்டு என்பதைக் கவிதை பற்றி எழுதும்போது எத்தனை தடவை சொல்லியிருக்கிறோம்!

கேட்பவர் பக்கத்து விஷயம் ஒன்றும் இருக்கிறது. அந்த வீட்டுக்கு மேல்பக்கமும் பக்கத்திலும் கிரைண்டர்கள் ஓடுகின்றன. இந்த ஊரே கிரைண்டர் செய்து நாடெங்கும் அனுப்பும் ஊர்; கோயம்புத்தூர் வெட் கிரைண்டர் என்று புவிசார் குறியீடே வாங்கியிருக்கிறது. என் டிரெய்னரைவிடக் கிரைண்டர் சத்தம் குறைவு என்று சொல்ல முடியாது. ஆனால் அதற்கு அவர் எழுந்துகொள்வதில்லை என்றார் பின்னொரு நாள். "அது மாவு ஆட்டறாங்கன்னு தெரியுமுங்களே" என்றார். அரைத்து முடிந்தால் நின்றுவிடும், நாளைக்கு இட்லி. மழைச் சத்தம், ரயில் சத்தம், குக்கர் விசில் எல்லாவற்றுக்கும் இப்படி ஓர் அர்த்தமும் முடிவும் உண்டு. என்னுடையதற்கு இல்லை. சில நாள் முப்பது நிமிஷத்தில் நிற்கும், சில நாள் ஐம்பது. நடுவில் தண்ணீர் குடிக்க நிறுத்துவேன், முடிந்தது என்று அவர் கண்ணை மூடுகையில் மறுபடி தொடங்கும். நம்மை உட்படுத்தாத, எதற்கென்று புரியாத ஓசைதான் இரைச்சல் என்று சொல்லலாம் போலிருக்கிறது. செனெகா இதற்கு நேர் எதிராகச் சொல்கிறார். பொதுக் குளிப்பகத்துக்கு மேல்மாடியில் குடியிருந்துகொண்டு அவர் எழுதிய 56வது கடிதத்தில், கீழே ஈயக்குண்டு தூக்கிப் பயிற்சி செய்கிறவர்களின் முக்கலும் மூச்சும் வந்துகொண்டேயிருக்கின்றன. (உடற்பயிற்சியின் சத்தத்தைப் பற்றி இலக்கியத்தில் நான் பார்த்த மிகப் பழைய பதிவு இதுதான், இங்கே உடற்பயிற்சி கீழ்வீட்டில், எழுத்து மேல்வீட்டில்.) மனிதக் குரல் மனதை இழுக்கிறது, வெறும் ஓசை காதை நிரப்புவதோடு சரி, ஆகவே குரல்தான் அதிகத் தொந்தரவு என்பது அவர் கட்சி. எழுதிக்கொண்டிருப்பவனுக்கு அது சரி. தூங்கப் பார்ப்பவருக்குச் சரியல்ல. அர்த்தமில்லாத ஓசைக்கு மனம் ஓர் அர்த்தம் தேடிக்கொண்டே விழித்திருக்கிறது. பையன் தேடிக் கண்டுபிடித்தது மாவு மில். அந்தக் கடிதத்தில் இன்னொரு விஷயமும் எனக்குப் பிடிக்கும்: உள்ளே அமைதி இருந்தால் வெளிச்சத்தம் ஒன்றும் செய்யாது என்று பக்கம் பக்கமாக நிறுவிவிட்டு, கடைசியில், இந்த இடத்தைவிட்டுக் குடிபோகப் போகிறேன் என்று முடிக்கிறார். போக இடமுள்ளவரின் நேர்மை. கீழ்வீட்டுக்காரர் சமையலறைவரைதான் போக முடிந்தது.

என் அப்பா ஸ்பின்னிங் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். வீட்டில் அவர் பேசுவது தெருக்கோடிக்குக் கேட்கும். தனக்குக் காது மந்தம் என்று தெரியாமலேயே செத்துப்போனார். தொழிற்சாலையில் எட்டு மணி நேரத்துக்கு 90 டெசிபெல் வரை அனுமதி என்பது இன்றுள்ள விதி. அவர் காலத்தில் அதையும் யாரும் அளந்ததில்லை. அந்தச் சத்தத்தில் நூல் நூற்கப்பட்டது, கூலி வந்தது, நான் படித்தேன். அதை நியாயம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்தச் சத்தத்தைப் போட்டவரேதான் அதைச் சுமந்தார். என் விஷயத்தில் பலன் ஒருவருக்கு, சத்தம் மற்றவருக்கு.

மாவு மில் என்ற சொல் மறுபடி மறுபடி வந்து குத்துவதற்கு வேறொரு காரணமும் இருக்கிறது. இருந்த இடத்திலேயே மிதித்துச் சுற்றும் உழைப்பு ஒரு காலத்தில் தண்டனை. இங்கிலாந்துச் சிறைகளில் 1818க்குப் பிறகு மிதிசக்கரங்கள் பரவின. பலவற்றில் தானியம்கூட அரைபடவில்லை, காற்றை அரைக்கிறார்கள் என்றே அவர்கள் மொழியில் சொல்வழக்கு உண்டாயிற்று. 1895இல் ஆஸ்கார் ஒயில்ட் அதில் ஏறி மிதித்திருக்கிறார். இதே ஊரில், என் வீட்டிலிருந்து சில மைல் தூரத்து மத்திய சிறையில், வ.உ.சி. செக்கிழுத்தார், அந்தச் செக்கை அங்கே நினைவுச் சின்னமாக வைத்திருக்கிறார்கள். என் முக்கால் மணி நேரத்தை அதன் பக்கத்தில் வைப்பது அபத்தம், வெட்கக்கேடும்கூட, வைக்கவில்லை. செக்கிலாவது எண்ணெய் வந்தது. நாம் காசு கொடுத்து வாங்கி விரும்பி ஏறி மிதிக்கிறோம், காற்றை அரைக்கிறோம், அரைபடுவது கீழே இருப்பவரின் தூக்கம் என்பது தெரியாமல்.

இதற்கெல்லாம் தீர்வு இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, விலை கொடுத்தால். பின்சக்கரத்தையே கழற்றிவிட்டுச் சங்கிலியை நேரே கருவியில் மாட்டும் வகை இப்போது வந்திருக்கிறது. டயர் இல்லை, ஆகவே உரசலும் இல்லை. மின்விசிறிச் சத்தம்தான் மிஞ்சும் என்கிறார்கள். மௌனத்தை டெசிபெல் கணக்கில் விளம்பரம் செய்து விற்கிறார்கள். என் சைக்கிளையும் டிரெய்னரையும் சேர்த்து இன்னும் ஐந்தாறு வாங்கிவிடலாம் அந்தப் பணத்தில். நான் மலிவு வழியில் போனேன். பொள்ளாச்சித் தென்னைநார் மெத்தை ஒன்று, அதன்மேல் ஒட்டுப்பலகை, பலகைக்கு மேல் கிரைண்டருக்கடியில் வைக்கிற ரப்பர். டயரின் உறுமல் ஓரளவு அடங்கியது. ஆனால் மெத்தைக்கும் ஒரு குணமுண்டு. அது தானாக ஆடுகிற ஒரு வேகம் இருக்கிறது; வருகிற அதிர்வு அதைப்போல் 1.4 மடங்குக்கு மேல் வேகமாக இருந்தால்தான் அதைக் குறைக்கும். மெதுவானதை அப்படியே கீழே அனுப்பும், சிலசமயம் பெருக்கியும் அனுப்பும். நிமிஷத்துக்கு 80 சுற்று மிதித்தால், இரண்டு கால்களுக்கும் சேர்த்து 160 தள்ளல். விநாடிக்கு மூன்றுக்கும் குறைவு. அது ஒலிகூட அல்ல, அசைவு. எந்த மெத்தைக்கும் அது பிடிபடாது. எத்தனை விலையுயர்ந்த கருவியிலும் அது இருக்கும், ஏனென்றால் அது கருவியுடையது அல்ல, என்னுடையது. என் எடை, என் கால். மௌனமான இயந்திரத்தை வாங்கிவிடலாம். மௌனமான நான் கடையில் கிடைக்காது.

நேரத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கும் அவரிடம் கேட்க வேண்டியிருந்தது, ஏனென்றால் அவருடைய முறை வாரத்துக்கு வாரம் மாறும். ஞாயிற்றுக்கிழமை தோறும் பையன் ஒரு சீட்டுக் கொண்டுவந்து கொடுப்பான்: இந்த வாரம் பகல், அல்லது இந்த வாரம் இரவு. பகல் என்றால் காலை ஒன்பதரைக்கு மிதிப்பேன். இரவு என்றால் மாலை ஐந்துக்கு, சில நாள் விட்டும்விடுவேன். காதுக்கருவியைக் கழற்றிவிட்டேன். இப்போது மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றும் கேட்கிறது. கேட்பது என் அறையிலிருந்துதானா அல்லது சிலிண்டருக்கும் குளிர்சாதனப் பெட்டிக்கும் நடுவிலிருந்தா என்று சொல்ல முடியவில்லை.

சென்ற மாதம் ஒரு வாரம் சீட்டில் பகல் என்று இருந்தது. திங்கள், செவ்வாய் மிதித்தேன். புதன்கிழமை இரவு ஏழரை மணிக்கு, குப்பைக் கூடையை வைக்க வெளியே வந்தவன், அவர் சோற்றுப் பாத்திரப் பையும் கம்பளிச் சட்டையுமாகப் படியிறங்கிப் போவதைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்கு முந்தின சீட்டுகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். பகல், பகல், இரவு, பகல், பகல். எத்தனை பொய் என்று தெரியவில்லை. நான் ஓட்ட வேண்டும் என்பதற்காக அவர் சொல்லியிருக்கும் பொய். அதை எந்தக் கணக்கில் வைப்பது?

வியாழக்கிழமை காலை நான் மிதிக்கவில்லை. வெள்ளியும் இல்லை. வெள்ளிக்கிழமை மாலை தண்ணீர் மோட்டார் பக்கத்தில் எதிர்ப்பட்டார். கண்கள் சிவந்திருந்தன.

"ரெண்டு நாளா காலையில சத்தமே கேக்கலீங்களே சார்," என்றார். "நெஞ்சு கிஞ்சு வலிக்குதுங்களா?"